எழுத்தக்காவுக்கு ஒரு சான்று

அன்றைய பத்திரிகையில் தன் பெயர் எந்தக் கட்டத்துக்குள் இருக்கிறது என்று முத்துக்கனிக்குத் தெரியவில்லை. அவள் வேலை பார்க்கும் சரக்குக் கிட்டங்கிக்கு டீ வந்திருந்த நேரம். மூட்டை தூக்குகிறவர்கள் ஏழெட்டுப் பேரும் அந்தப் பக்கத்தைப் பார்த்து, கைமாற்றிக் கைமாற்றி, கடைசியில் முதலாளி மந்திரமூர்த்தி அண்ணாச்சியிடம் கொடுத்திருந்தார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருமுறை படித்தார். பிறகு பேப்பரை நாலாக மடித்து அவளிடம் நீட்டினார்.

"பாரு முத்துக்கனி. பேரு, அப்பா பேரு எல்லாம் சரியாப் போட்டிருக்கானா?"

அவள் வாங்கிக் கண்ணருகே பிடித்தாள். இடமிருந்து வலமாகப் பார்வையை ஓட்டினாள். மூன்று வரிக்கு ஒருமுறை தலையை லேசாக ஆட்டினாள். இந்த வித்தையில் அவளுக்கு முப்பத்தொன்பது வருஷப் பழக்கம்.

"சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி."

அதில் என்ன இருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம். முந்தின நாளே வீட்டுப் பிள்ளை பானுப்ரியா விளம்பர வாசகத்தை வாசித்துக் காட்டியிருந்தாள். செந்தூர்பாண்டி மகள் முத்துக்கனி, இலங்கைப் பிரஜை, முத்தையாபுரத்தில் வசிப்பவர், இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறார். இவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் தெரிந்தவர்கள் உள்துறை அமைச்சகத்துக்கு எழுதித் தெரிவிக்கலாம். கல்யாணப் பத்திரிகைக்குக்கூட இப்படி ஊரைக் கூப்பிட்டு ஆட்சேபம் கேட்பதில்லை. ஆனால் சட்டம் அப்படி. விண்ணப்பிக்கிறவரே பணம் கட்டித் தன்னைப் பற்றி இப்படி விளம்பரம் கொடுக்க வேண்டும்.

அன்று அந்தக் கிட்டங்கியில் யாரும் அவளிடம் அதிகம் பேசவில்லை. அவள் சிலோனிலிருந்து வந்தவள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்னும் அந்த ஊர்க்காரியாகவே இருக்கிறாள் என்பதுதான் தெரியாது. டீ கிளாசைக் கழுவி வைக்கும்போது ஒருவன் மெதுவாகக் கேட்டான்: "அப்பம் நீங்க இன்னும் வெளிநாடா அக்கா?" கேட்டதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. முத்துக்கனிக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் தாத்தா உடன்குடியிலிருந்து கருப்பட்டி மூட்டையோடு தோணி ஏறி இலங்கைக்குப் போனவர். தென்கோடியில் மாத்தறைக்குப் பக்கத்தில் ஒரு சிறு ஊரில் கடை போட்டார். அப்பா செந்தூர்பாண்டி அங்கேயே பிறந்து, அங்கேயே கடையில் உட்கார்ந்து, அங்கேயே கல்யாணம் முடித்தார். முத்துக்கனிக்கு விவரம் தெரியும் முன்பே அம்மா போய்விட்டாள். அந்த ஊரில் தமிழ்க் குடும்பம் என்று மூன்று வீடுதான். தமிழ்ப் பள்ளிக்கூடம் கிடையாது. அதனால் முத்துக்கனி பத்தாம் வகுப்பு வரை சிங்களத்தில் படித்தாள். வீட்டில் பேசியது தமிழ், பலகையில் எழுதியது சிங்களம். இரண்டும் வெவ்வேறு விஷயம் என்றுகூட அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடையை எரித்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம்தான் அப்பாவையும் மகளையும் ஒன்பது நாள் அடுக்களைக்குள் வைத்துக் காப்பாற்றியது. அடுத்த மாதமே அப்பா அவளுக்குப் பாஸ்போர்ட் எடுத்தார். கையெழுத்துப் போடும் இடத்தில் எப்படி எழுதுவது என்று அவள் தயங்கியபோது, "பள்ளிக்கூடத்துல எழுதுற மாதிரியே எழுது பிள்ள, நல்லா இருக்கும்" என்றார். தலைமன்னாரில் கப்பல் ஏற்றிவிட்டு, கடையை மறுபடி கட்டிவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனார். அவளுக்குப் பதினைந்து வயது. அதற்குப் பிறகு அவள் அப்பாவைப் பார்க்கவில்லை.

முத்தையாபுரத்தில் மளிகைக்கடை வைத்திருந்த சுடலைக்கண்ணன், அப்பாவுக்குத் தம்பி முறை. அந்தச் சித்தப்பா வீடுதான் அவளுக்கு வீடானது. மூன்றாவது வருஷம் மாத்தறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சிங்களத்தில் எழுதியிருந்தார். வீடு முழுக்கச் சுற்றி நிற்க, முத்துக்கனி அதை விரித்து, ஒரு வரி மௌனமாகப் படிப்பாள், ஒரு வரி தமிழில் சொல்லுவாள். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், நாலாம் நாள் முடிந்துபோனது, தகனம் தாங்களே செய்தார்கள். குரல் உடையாமல் கடைசி வரை சொல்லி முடித்துவிட்டுத்தான் அழுதாள்.

அவளுக்கு ஒரு பட்டப்பெயர் விழுந்ததும் அதனால்தான். ஜிலேபி பிழிந்த மாதிரி இருக்கிற எழுத்தையே இப்படிப் படிக்கிறாளே, இவளுக்குத் தெரியாத எழுத்து உண்டா என்று சித்தி தெருவெல்லாம் சொல்லி வைத்தாள். அது மந்திரமூர்த்தி அண்ணாச்சி காதுக்கும் போனது. அவர் கிட்டங்கியிலிருந்து வத்தலும் புளியும் கருப்பட்டியும் கொழும்புக்குப் போகும். மூட்டைமேல் வாங்குகிறவர் பெயரும் ஊரும் சிங்களத்தில் இருந்தால் அங்கே இறக்குகிறவர்கள் குழம்ப மாட்டார்கள். கறுப்பு மையும் தட்டைப் பிரஷும் கொடுத்து முத்துக்கனியை உட்கார வைத்தார். அன்று முதல் அவள் எழுத்தக்கா.

எழுத்தக்காவுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது என்பதை யார் நம்புவார்கள்? முதலில் சொல்ல வெட்கம். பிறகு சொல்லாமல் விட்டதைச் சொல்ல வெட்கம். கல்யாணப் பத்திரிகை வந்தால் "கண்ணு கூசுது, நீயே வாசி" என்பாள். பஸ்ஸை நிறத்தையும் கண்டக்டர் குரலையும் வைத்துப் பிடிப்பாள். போனில் பேச்சாகவே செய்தி அனுப்புவாள். வேறு எதையும் ஒளிக்கத் தெரியாத மனுஷி இந்த ஒன்றை இத்தனை காலம் மூடி வைத்தாள். பாவமாக இருக்கிறது, வேறென்ன சொல்ல.

மாப்பிள்ளை பார்க்காமல் இல்லை. வருகிறவர்கள் பெண்ணைப் பார்த்துச் சிரிப்பார்கள், பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். வருஷா வருஷம் போலீஸ் அலுவலகத்தின் வெளிநாட்டினர் பிரிவில் போய்த் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய பெண்ணை யார் கட்டுவார்கள்? ஒரு வருஷம் அங்கே புதிதாக வந்த அதிகாரி, சின்ன வயசு, மரியாதையாகத்தான் கேட்டார்: "எப்பம்மா ஊருக்குத் திரும்பிப் போறீங்க?" அந்த முறை மூன்றே மாதத்துக்குத்தான் அனுமதி கிடைத்தது. முத்துக்கனி வீட்டுக்கு வந்து சோறு தின்னவில்லை. போகச் சொன்னால் எங்கே போவது? அங்கே கடை இல்லை, அப்பா இல்லை, காப்பாற்றிய வீட்டுக்காரர்களும் இல்லை. அன்று முடிவு செய்தாள், இந்த நாட்டுக்காரியாகிவிட வேண்டும் என்று.

அதற்கும் ஒரு முட்டுக்கட்டை முன்பே விழுந்து கிடந்தது. அதைப் போட்டது வேறு யாருமில்லை, பாசம் மிகுந்த சித்தப்பாதான். வாக்காளர் கணக்கெடுக்க வந்தவரிடம் வீட்டில் இருக்கிற பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லும்போது முத்துக்கனி பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். சொந்தப் பிள்ளையை விட்டுவிட்டுச் சொன்னால் நன்றாகவா இருக்கும் என்பது அவர் நியாயம். அட்டை வந்தது. அவளும் விவரம் தெரியாமல் இரண்டு முறை போய் ஓட்டுப் போட்டாள். பிற்பாடு முதல்முறை குடியுரிமைக்கு மனுப் போட்டபோது அதுதான் எதிரே வந்து நின்றது. ஏற்கெனவே இந்தியர் என்று ஓட்டுப் போட்டவர் இப்போது இந்தியராக்கு என்று கேட்பது எப்படி என்று கேள்வி வந்தது, மனு திரும்பியது. அவளே போய்ப் பெயரை நீக்கச் சொல்லி மனுக் கொடுத்தாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். அது தீர ஆறு வருஷம் ஆனது. அதற்குள் சித்தப்பாவும் போய்விட்டார். தன்னால் பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டதே என்று கடைசிவரை அவருக்கு ஆறவில்லை.

இரண்டாம் முறை எல்லாவற்றையும் பானுப்ரியா கையில் எடுத்துக்கொண்டாள். சித்தப்பாவின் பேத்தி, இ-சேவை மையத்தில் வேலை, விண்ணப்பப் பாரம் நிரப்புவதில் புலி.

"அத்தை, உங்க அப்பாவோ அம்மாவோ இந்தியாவுல பிறந்திருந்தா வேற பாரம், லேசு. தாத்தா பிறந்தது கணக்குல வராது. இங்கன ஒருத்தரக் கட்டியிருந்தாலும் வேற பாரம். உங்களுக்கு ரெண்டும் இல்ல. அதனால மொழி தெரியும்னு சான்று வேணும்."

"எந்த மொழி?"

"சட்டத்துல இருக்கிற எந்த இந்திய மொழியும். நமக்குத் தமிழ்தான். போதுமான அறிவு இருக்கணுமாம்."

போதுமான என்றால் எவ்வளவு என்று யாரும் அளந்து வைக்கவில்லை. பானுப்ரியா சிரித்தாள். "உங்களுக்குத் தமிழ் தெரியுமான்னு கேட்டா ஊரே சிரிக்கும். பிரேமா டீச்சர்ட்ட சொல்லியிருக்கேன். நாளைக்குப் போயி வாங்கிட்டு வந்துருங்க."

பிரேமா டீச்சர் பக்கத்துப் பள்ளியின் தலைமை ஆசிரியை. சித்தப்பா கடையில் சாமான் வாங்கி வளர்ந்தவர். முத்துக்கனி உள்ளே நுழையும்போதே சான்று தயாராக இருந்தது. கையெழுத்தும் போட்டாயிற்று, முத்திரையும் குத்தியாயிற்று. நம் பக்கத்தில் தெரிந்தவர்களுக்குச் சான்று கொடுப்பது இப்படித்தான். ஆளைத் தெரியும், அப்புறம் தாளில் என்ன இருந்தால் என்ன.

"இந்தாங்கக்கா. உங்களுக்குப் போயி சான்று கேக்கான் பாருங்க."

முத்துக்கனி வாங்கிப் பார்வையை ஓட்டினாள். தலையை ஆட்டப் போனாள். ஆட்டவில்லை.

"டீச்சர், இதுல என்ன எழுதியிருக்குன்னு ஒருதரம் வாசிங்களேன்."

"ஏன், கண்ணாடி எடுத்துட்டு வரலியா?" என்று சொல்லியபடியே டீச்சர் வாசித்தார். மேற்படியாரை நான் நேரில் சோதித்து அறிந்த வகையில், இவருக்குத் தமிழ் மொழியில் சரளமாகப் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரியும் என்று சான்றளிக்கிறேன்.

முத்துக்கனி அந்தத் தாளை மேசைமேல் வைத்து இரண்டு கையாலும் டீச்சர் பக்கம் தள்ளினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சர்."

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. "என்னக்கா சொல்லுதிய?"

"தமிழ் எழுத்து தெரியாது. ஒண்ணுகூட. நா படிச்சது சிங்களம். மூட்டையில எழுதுறதும் அதான். இத்தன வருசமா யாருட்டயும் சொல்லல."

வெளியே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, இத யாரும் வந்து சோதிக்கப் போறதில்ல. பேசத் தெரியுதுல்லா, அது போதும். படிக்க எழுதங்கிற வார்த்தைய எடுத்துட்டு வேற அடிச்சுத் தாரேன். இல்ல, இதையே கொண்டு போங்க. நா போட்ட கையெழுத்து, நா பாத்துக்கிடுதேன்."

"வேண்டாம் டீச்சர். எங்க சித்தப்பாவும் இப்படித்தான் எம்மேல உள்ள பிரியத்துல ஓட்டு லிஸ்டுல எம்பேரச் சேத்து விட்டாவ. அதக் கழுவ ஆறு வருசம் ஆச்சு. அத நெஞ்சுல வச்சுக்கிட்டே அவிய போயிட்டாவ. உங்களுக்கு அப்படி ஒண்ணு வரவேண்டாம். பேச மட்டும் தெரியும்னு வாங்கிட்டுப் போகவும் மனசு வரல. இம்புட்டு நாள் படிக்கத் தெரிஞ்ச மாதிரி நடிச்சாச்சு. நா படிச்சுட்டு வாரேன். அதுவரைக்கும் இது உங்கட்டயே இருக்கட்டும்."

வயது ஐம்பத்து நான்கு. கண்ணில் புரை ஆரம்பித்திருந்தது. அனுமதி முடிய ஏழு மாதம்தான் இருந்தது, அதற்குள் மனு உள்ளே போயிருந்தால் நல்லது என்று பானுப்ரியா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் கோபமும் நியாயமானதுதான். ஆனால் முத்துக்கனி பிடித்த பிடியை விடவில்லை.

மறுநாள் கிட்டங்கியில் மந்திரமூர்த்தி அண்ணாச்சியிடம் சொன்னாள். பேப்பரைத் தலையாட்டிப் படித்ததையும் சேர்த்துச் சொன்னாள். அவர் தராசிலிருந்து மூட்டையை இறக்கச் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"ஏளா, முப்பது வருசத்துக்கு மேல ஒரே கூரைக்குள்ள இருந்திருக்கோம். எத்தன பேப்பரு உங்கைல குடுத்திருப்பேன். ஒரு நாளு சொல்லப்பிடாதா?"

"எழுத்தக்கான்னு கூப்பிட்டுட்டிய அண்ணாச்சி. பெறவு எப்படிச் சொல்ல?"

அவருக்கு மனசு வலித்தது. உள்ளே போய்க் கிழிந்த சாக்குகளில் பத்துப் பதினைந்தை எடுத்து வந்து அவள் முன்னால் போட்டார். "பேனா உனக்குச் சரிப்படாது. பிரஷுலயே எழுது."

அப்படித்தான் படித்தாள். நோட்டும் பென்சிலும் அவள் கைக்கு அடங்கவில்லை. சாக்கை விரித்து, மையைத் தொட்டு, தோளிலிருந்து இழுத்தால்தான் எழுத்து வரும். கிட்டங்கிக்கு வருகிற தமிழ் மூட்டைகள்தான் புத்தகம். வத்தல் என்ற மூட்டையில் வத்தல் இருக்கிறது, புளி என்றதில் புளி இருக்கிறது, ஏமாற்றுகிற பாடமில்லை. பார்த்து எழுதுவாள், அடியில் அதையே சிங்களத்தில் எழுதி வைத்துக்கொள்வாள். பிறகு விளாத்திகுளம், கோவில்பட்டி என்று ஊர்ப் பெயர்கள். வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்று, வருகிற பஸ்ஸையெல்லாம் வாய்க்குள் படித்துக்கொண்டே தன்னுடையதை இரண்டு முறை தவறவிட்டாள். தெரு மாறவில்லை, கடை மாறவில்லை, ஆனால் சுவரெல்லாம் இத்தனை நாளும் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது என்று தெரிந்தபோது அவளுக்குச் சந்தோஷத்தைவிடத் துக்கம்தான் அதிகம் வந்தது.

நாலரை மாதம் கழித்து அந்தப் பழைய பேப்பரைப் பானுப்ரியாவிடம் கேட்டு வாங்கினாள். விரலை வைத்துத் தேடினாள். ஏலச் சீட்டு விளம்பரத்துக்கும் காணாமல் போன சான்றிதழ் அறிவிப்புக்கும் நடுவில் தன் பெயர் இருந்தது. இலங்கைப் பிரஜை என்பது வரை படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

பிரேமா டீச்சர் இந்த முறை உண்மையாகவே சோதித்தார். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பக்கம் கொடுத்தார். முத்துக்கனி நிறுத்தி நிறுத்திப் படித்தாள். ஓரிடத்தில் தடுமாறியபோது டீச்சர் வாயெடுக்கப் போய், எடுக்காமல் பொறுத்துக்கொண்டார்.

"இனி உங்களப் பத்தி நாலு வரி எழுதுங்கக்கா."

முத்துக்கனி பேனாவைப் பிரஷ் பிடிப்பது போலப் பிடித்தாள். ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலம். ஒரு தாளில் மூன்று வார்த்தைக்கு மேல் கொள்ளவில்லை. டீச்சர் தாள் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். முடித்தபோது மேசை கொள்ளாமல் தரையிலும் தாள்கள் கிடந்தன. என் பெயர் முத்துக்கனி. நான் பிறந்தது மாத்தறை. இருப்பது முத்தையாபுரம். நாலு மாதம் முன்பு எனக்குப் படிக்கத் தெரியாது.

டீச்சர் பழைய சான்றை எடுத்தார். ஒரு எழுத்தையும் மாற்றாமல், புதுத் தாளில், அன்றைய தேதி போட்டு அடித்துக் கையெழுத்திட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது அவருக்கு.

மனு போனது. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அண்ணாச்சியும் டீச்சரும் அவள் நல்ல நடத்தைக்குப் பிரமாணப் பத்திரம் கொடுத்தார்கள். விசாரித்த அதிகாரி தேசியக் கொடி, தேசிய கீதம் என்று நாலைந்து கேள்வி கேட்டுவிட்டு, கோப்பில் பழைய சமாசாரத்தைப் பார்த்தார் போலிருக்கிறது.

"ஓட்டுங்கிறது என்னன்னு தெரியுமாம்மா?"

"போட்டப்பம் தெரியாது ஐயா. நீ போட்டிருக்கக் கூடாதுன்னு சொன்ன பெறவுதான் அது எம்புட்டுப் பெரிசுன்னு தெரிஞ்சுது."

அவர் ஏதோ எழுதிக்கொண்டு கோப்பை மூடினார்.

அதன் பின் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. முத்துக்கனி இரண்டு முறை அனுமதியைப் புதுப்பித்தாள். அந்த அலுவலகத்தில் வாசலில் இருந்த பலகையை இப்போது படித்துவிட்டு உள்ளே போனாள். வெளிநாட்டினர் பிரிவு என்று எழுதியிருந்தது. தெரியாமல் போய்வந்ததைவிடத் தெரிந்து போவது கஷ்டமாக இருந்தது. சம்மதம் என்று டெல்லியிலிருந்து கடிதம் வந்தபோது அவளுக்கு ஐம்பத்தேழு. பழைய குடியுரிமையை விட்டுவிட வேண்டும், உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

கலெக்டர் அலுவலகத்தில் அந்தச் சிறிய அறைக்குள் ஏழு பேர் இருந்தார்கள். அண்ணாச்சிக்கு முழங்கால் வலி, நாற்காலி போட்டிருந்தார்கள். பிரேமா டீச்சர் பள்ளிக்கு லீவு போட்டிருந்தார். பானுப்ரியா காலையிலிருந்தே அழுது மூக்குச் சிவந்திருந்தாள். எழுத்தர் உறுதிமொழித் தாளை எடுத்துக்கொண்டு, "நான் சொல்லச் சொல்ல நீங்க திருப்பிச் சொன்னாப் போதும்மா" என்றார்.

"குடுங்க ஐயா. நானே வாசிச்சுக்கிடுதேன்."

வாசித்தாள். அரசியலமைப்பின் மீது உண்மையான பற்றும் விசுவாசமும் கொண்டிருப்பேன், சட்டங்களை மதித்து நடப்பேன் என்று நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல்லையும் விழுங்காமல். விசுவாசம் என்ற இடத்தில் தடுக்கியது. திரும்ப எடுத்து முழுதாகச் சொன்னாள்.

எழுத்தர் பேனாவைக் கொடுத்து அடியில் கையெழுத்துப் போடச் சொன்னார். இந்த ஒன்றுக்காக முத்துக்கனி வீட்டில் எத்தனையோ தாளை நிரப்பியிருந்தாள். இப்போது அவள் பெயர் கட்டத்துக்குள் அடங்கும் அளவுக்குச் சின்னதாக வரும். முதல் எழுத்தின் நேர்கோட்டை இழுக்கப் போனாள். எழுத்தர் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார்.

"அம்மா, பாஸ்போர்ட்டுல எப்படி இருக்கோ அப்படியே போடணும். மனுவுல போட்டதும் அதான். மாறினா டெல்லியிலருந்து திருப்பி அனுப்பிருவாங்க."

முத்துக்கனி நிமிர்ந்து பார்த்தாள். "தமிழ்ல போடக் கூடாதா ஐயா?"

"இனிமே எல்லாத்துலயும் தமிழ்லயே போட்டுக்கிடலாம். இதுல மட்டும் கூடாது."

பானுப்ரியா ஏதோ சொல்ல வந்தாள். முத்துக்கனி வேண்டாம் என்று கை காட்டினாள். மேசைமேல் அவள் பாஸ்போர்ட் கிடந்தது. இன்றோடு அதையும் கொடுத்துவிட வேண்டும். பலமுறை புதுப்பித்த பாஸ்போர்ட்தான் என்றாலும், கையெழுத்து மட்டும் அந்தப் பதினைந்து வயசுப் பிள்ளை போட்டது போலவே சிங்களத்தில் வட்ட வட்டமாக இருந்தது. பள்ளிக்கூடத்துல எழுதுற மாதிரியே எழுது பிள்ள.

மெதுவாக எழுதினாள். எழுதி முடித்த பிறகும் பேனாவை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

எழுத்தர் தாளைத் திருப்பிப் பார்த்தார், பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்த்தார், சரி என்றார். அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். டீச்சரும் பார்த்தார். முத்துக்கனியை இந்த நாட்டுப் பிரஜையாக்கப் போகும் அந்தத் தாளின் அடியில் இருந்ததை, அந்த அறையில் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.